பழைய லைனில் வந்த குரல்

டெஸ்டரின் கைப்பிடிக்குள் இருக்கும் அந்தச் சின்ன விளக்கு எரிந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். உச்சி வெயில். பகல் வெளிச்சத்தில் அது எரிவது சட்டென்று தெரியாது, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு உற்றுப் பார்க்க வேண்டும். ஏணியின் மேல் நின்றிருந்த லைன்மேன் அண்ணன் அப்படித்தான் பார்த்தார். பார்த்துவிட்டு அசையாமல் நின்றார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த என்னிடம், "மேடம், இதுல சப்ளை இருக்கு" என்றார். அவர் குரலில் பயத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். ஏனென்றால் அவர் டெஸ்டரை வைத்தது மின்வாரியக் கம்பியில் இல்லை, எப்போதோ நின்றுபோன கேபிள் டிவியின் கறுப்பு ஒயரில். திண்டுக்கல்லின் அந்தத் தெருக்களில் கேபிள் டிவி ஓடி வருஷங்கள் ஆகிவிட்டன. மாடிக்கு மாடி டிஷ் முளைத்து, அதுவும் துருப்பிடித்து, ஊரே கைபேசிக்குள் போய்விட்டது. மிச்சமிருந்தது இந்த ஒயர்கள் மட்டும்தான். காக்கா உட்காருவதற்கும், சில வீடுகளில் துணி காயப்போடுவதற்கும் அவை பயன்பட்டுக்கொண்டிருந்தன.

நான் அங்கே ஃபைபர் கேபிள் இழுக்கும் ஒப்பந்தக்காரரிடம் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தேன். வத்தலக்குண்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். பதவியின் பெயர்தான் பெரிது. வேலை என்னவென்றால் எல்லாரையும் நச்சரிப்பது. ஃபைபர் கேபிளில் போவது வெறும் வெளிச்சம், அது யாரையும் ஷாக் அடிக்காது என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையோடு சண்டை போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கண்ணாடி இழைக்குள் போவது வெளிச்சம்தான், ஆனால் அந்தக் கேபிளைத் தாங்கிப் பிடிக்கும் கம்பி இரும்பு. அது மின்கம்பியில் ஒரு காற்றுக்கு உரசினால் போதும், நாலு தெரு தள்ளி ஒரு வீட்டு ஜன்னல் கம்பி வரைக்கும் கரண்ட் நடந்து போகும். அதனால் மின்கம்பியைவிட்டு விலகியே இழுக்க வேண்டும், இரும்புக்கு இரண்டு முனையிலும் எர்த் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் போகும் கேபிளின் மேலுறை எளிதில் தீப்பிடிக்காத ரகமாக இருக்க வேண்டும். மாடிக்கு மாடி துளை போட்டால் அதை அடைக்காமல் வரக்கூடாது, தீப்பிடித்தால் முதலில் புகைதான் அந்தத் துளை வழியாக மாடியேறும். எல்லாவற்றுக்கும் முன்னால், பழைய ஒயரைக் கழற்றாமல் புதியதை இழுக்கக்கூடாது. கழற்றப் போகும் ஒயர் எவ்வளவு பழையதாக இருந்தாலும் டெஸ்டர் வைக்காமல் தொடக்கூடாது. இதையெல்லாம் நான் தினமும் காலையில் ஒப்பிப்பேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ரூல்ஸ் மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள், எனக்கும் அது தெரியும். அன்றைக்கு ஏணியிலிருந்து இறங்கிய லைன்மேன் அண்ணன் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கவில்லை. பழைய கேபிள்காரர்கள் ஒயர் வழியாகவே கொஞ்சம் கரண்ட் அனுப்பி, வழியில் படத்துக்குப் பலம் ஏற்றும் பெட்டிகளை ஓட்டுவார்கள் என்று அவர் சொன்னார். "அப்படின்னா யாரோ இன்னும் ஓட்டிக்கிட்டிருக்காக மேடம்" என்றார்.

யார் ஓட்டுகிறார்கள் என்று பார்க்க, ஒயரின் பின்னாலேயே நடந்தோம். தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் ஊர் வேறு மாதிரி தெரிகிறது. தோல் கிடங்கின் மதில் மேல் ஏறி, ஒரு பிரியாணிக் கடையின் பின்பக்கப் புகைக்கூண்டைச் சுற்றிக்கொண்டு, மின்கம்பிக்கு ஒரு கை தூரத்தில் சாவகாசமாகத் தொங்கி, கடைசியில் அது ஒரு மாடி வீட்டின் படிக்கட்டோரமாக ஏறியது. கீழே துணி மூட்டைகள் அடைத்துக் கிடந்த தையல் கடை. அதன் மேல் மாடியில் தையல்காரர் தன் மகள், பேரப்பிள்ளைகளோடு குடியிருந்தார். மொட்டை மாடியில் தகரம் வேய்ந்த பூட்டிய அறை ஒன்று. படிக்கட்டில் ஒயர் போகும் இடத்தைக் காட்டி, "இதத் தொட்டா சுர்ருங்கும். பிள்ளைகளத் தொடாதீகன்னு சொல்லி வச்சுருக்கோம்" என்று தையல்காரரின் மகள் சாதாரணமாகச் சொன்னாள். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். அது ரொம்ப நாளாக அப்படித்தான் என்றாள். வீட்டில் ஒரு மூலை ஒழுகுகிறது என்பதைப்போல அவர்கள் அதையும் பழகிக்கொண்டிருந்தார்கள். மேலே இருப்பது யாருடைய அறை என்று கேட்டதற்கு, "கேபிள்காரக்கா ரூமு. சாவி அவுககிட்டத்தான் இருக்கு" என்றாள்.

கேபிள்காரக்கா சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் அனுப்பியதும் புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். உயரமான, விறைப்பான பெண்மணி. இடுப்பில் சாவிக்கொத்து. அவருடைய கணவர்தான் அந்தத் தெருக்களுக்கெல்லாம் முதன்முதலில் கேபிள் இழுத்தவர் என்றும், மஞ்சள் காமாலை முற்றி இறந்துபோனவர் என்றும் அவர் வந்து சேருவதற்குள் தையல்காரர் சொல்லியிருந்தார். அக்கா மாடியேறி அறையைத் திறந்தார். உள்ளேயிருந்து அனல் வந்து முகத்தில் அறைந்தது. தூசி படிந்த பெட்டிகள், கரண்ட் போனாலும் அவற்றை ஓட்டும் ஒரு இன்வெர்ட்டர், பின்னிக் கிடந்த ஒயர்கள், ஒரு பழைய பிளேயரில் செருகிய பென் டிரைவ், அதன் பச்சை விளக்கு. பெட்டிகளுக்குக் கரண்ட் கொடுக்கும் மின்மாற்றியின் உறை உருகி, அதை வைத்திருந்த பிளைவுட் பலகை கரிந்து போயிருந்தது. கரண்ட் ஒயரின் வெளியுறைக்குள் கசிந்தது அங்கிருந்துதான். பலகையிலிருந்து துணி தீயும் வாசம் வந்தது. கீழே இருந்த துணி மூட்டைகளையும் அந்தப் பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டேன். லைன்மேன் அண்ணன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அமத்தாதீக தம்பி. ஒரு தடவ அமத்துனா மறுபடி எந்திரிக்காது. நான் அமத்துனதே இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டுக்கு வா தாயி, காட்டுறேன். பாத்துட்டு நீயே சொல்லு" என்றார். அந்தக் குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சலும் இல்லை. கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். நான் முதலில் தையல்காரர் குடும்பத்தைக் கீழே இறக்கித் தெருவில் நிற்கச் சொன்னேன். கடையின் ஷட்டரைத் திறந்து துணி மூட்டைகளை வெளியே இழுத்துப் போடச் சொன்னேன். லைன்மேன் அண்ணனை ஒரு வாளி மணலோடு அறை வாசலில் நிறுத்தி, சூடு ஏறினால் என்னைக் கேட்காமல் அமர்த்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். ரூல்ஸ் மேடம் என்றால் சும்மாவா. அக்கா இவை அனைத்தையும் பார்த்துக்கொண்டு, பொறுமையாகப் படிக்கட்டில் நின்றிருந்தார்.

அவர் வீடு அடுத்த தெருவில், நாங்கள் டெஸ்டர் வைத்த ஒயர் போய் முடியும் இடத்தில் இருந்தது. ஒற்றை அறை, பின்னால் சமையல் இடம். முதுகு பெருத்த பழைய டிவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கோடு கோடாக ஓடும் படத்தில் நீலத் திரைக்கு முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. சட்டைப் பையில் பேனா. அந்தக் காலத்தில் கேபிள்காரர்கள் தங்கள் தெருவுக்கென்று ஒரு சேனல் வைத்திருப்பார்கள், அதில் பிறந்தநாள் வாழ்த்தும் கோயில் விசேஷமும் ஊர் அறிவிப்புகளும் போகும். அவர் ஒரு தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். "பொதுமக்கள் கவனத்திற்கு. நாளைக் காலை நமது பகுதியில் குழாயில் தண்ணீர் வரும். அனைவரும் பிடித்து வைத்துக்கொள்ளவும்" என்றார். அந்த 'நாளை' எப்போதோ வந்து போய்விட்டது. அதைக் கேட்டுக் குடத்தை வரிசையில் வைத்தவர்களில் பாதிப்பேர் இப்போது இருக்கிறார்களோ என்னவோ. ஆனாலும் அவர் சொன்ன விதத்தில், விடிந்தால் நிச்சயம் தண்ணீர் வரும் என்றுதான் எனக்கே தோன்றியது. பயம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். பட்டப்பகலில், சோற்று வாசம் அடிக்கும் ஒரு வீட்டில், அப்படியொரு பயம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அக்கா டிவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். பென் டிரைவை நேராக இந்த டிவியிலேயே செருகலாம், ஒயரே வேண்டாம் என்றேன். இல்லையென்றால் கைபேசியில் போட்டுத் தருகிறேன், எங்கே போனாலும் கூடவே இருக்கும் என்றேன். என் வேலைக்கு நல்ல வழி கண்டுபிடித்துவிட்ட திருப்தியில் சற்று வேகமாகவே பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "டிவில நேராச் சொருகுனா அது படம் தாயி. எப்பவோ புடிச்ச படம். இந்த லைன்ல வந்தாத்தான் இப்பப் பேசுறாரு. அங்கன மாடில உக்காந்துருக்காரு, அவரு இழுத்த ஒயரு வழியா நாலு தெருவச் சுத்தி என் வீட்டுக்கு வாராரு. போன்ல போட்டா நான் அமுக்குனாப் பேசுவாரு, அமுக்குனா நிறுத்துவாரு. யாரு அமுக்கியும் பேசுன ஆளு இல்ல அவரு." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். நான் படித்த விதிகளில் இதற்கென்று ஒன்றும் இல்லை.

கணவர் இறந்து, வீட்டில் எல்லாரும் அழுது முடித்துக் கலைந்துபோன பிறகு, மாடி அறையை அமர்த்தப் போனதாகவும், கை வரவில்லை என்றும் அக்கா சொன்னார். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தாராம். மறுநாளும் அப்படித்தான். பழைய கேசட்டில் இருந்ததை அவரே பென் டிரைவில் ஏற்றி, திரும்பத் திரும்ப ஓடும்படி விட்டிருந்தாராம். சந்தாதாரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், வேறு சேனல்கள் எல்லாம் நின்றன, அக்கா சத்துணவு வேலைக்குப் போனார். அந்தச் சேனலின் மின்சாரம் மட்டும் நிற்கவில்லை. தெருவில் யாருக்கும் இது தெரியாதா என்று கேட்டேன். "தெரிஞ்சா என்னமோ ஏதோன்னு பேசுவாக. உசுரோட இருந்தப்பவே வெட்டிப் பேச்சு அவருக்கு ஆகாது" என்றார். சமையல் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே அவர் குரல் கேட்கும் என்றும், அதுவரைக்கும் நடந்த அலுப்பெல்லாம் அப்போது போய்விடும் என்றும் சொன்னார். நான் ஏன் இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே எரிச்சலாக வந்தது. அந்த அக்காவின் மேல் இல்லை, என் வேலையின் மேல்.

அப்போது என் கைபேசி அடித்தது. "மேடம், பொட்டி தொட முடியல. பலகையில புகை கெளம்புது. அமத்திரவா?" என்று லைன்மேன் அண்ணன் கேட்டார். அந்தக் கேள்வி அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும். திரையில் அவருடைய கணவர் பிறந்தநாள் வாழ்த்துக்கு வந்திருந்தார். முதல் பிறந்தநாள் காணும் ஒரு பெண் குழந்தை பல்லாண்டு வாழ வேண்டும் என்று தையல்கடைக் குடும்பத்தின் சார்பில் வாழ்த்தினார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இது யாரு தெரியுமா? இப்ப நீ தெருவுல எறக்கி விட்டுட்டு வந்தியே, தையக்காரரு மக, அவதான்" என்றார். அவர் கணவர் அந்தப் பாப்பாவுக்கு எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அந்த வாழ்த்தை எத்தனையோ முறை கேட்டிருப்பார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"பிள்ளைக எறங்கிருச்சுல்ல?" என்றார். இறங்கிவிட்டார்கள் என்றேன்.

"அமத்திருவோம்" என்றார். எழுந்தார். "ஆனா செத்த நேரம் பொறு தாயி. இது முடிஞ்ச உடனே தண்ணி கேப்பாரு. வாசிச்சு வாசிச்சுத் தொண்ட காஞ்சுரும் அவருக்கு. குடுத்துட்டு அமத்தலாம். தாகத்தோட போகக் கூடாது."

நான் கைபேசியில் லைன்மேன் அண்ணனிடம், புகை தீயாக மாறாதவரை நான் சொல்லும்போது அமர்த்துங்கள் என்று சொல்லிவிட்டு இணைப்பை வைத்துக்கொண்டே இருந்தேன். மறுமுனையில் அவர் பலகையின் மேல் மணலை அள்ளிப் போடும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு நடந்ததை நான் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை. இப்போது அந்தத் தெருக்களில் பழைய ஒயர் ஒன்றும் கிடையாது. ஃபைபர் கேபிள் மின்கம்பியைவிட்டு விலகி, விறைப்பாக, எர்த் கொடுத்த கம்பியில் போகிறது. படிக்கட்டுத் துளையை நானே நின்று அடைக்க வைத்தேன். தையல்காரர் வீட்டுப் பிள்ளைகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தடதடவென்று ஏறி இறங்குகிறார்கள். அக்கா வீட்டுக்கும் இணைப்பு உண்டு, தங்கச்சி மகனோடு கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார். காய்கறிச் சந்தையில் என்னைப் பார்த்தால் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார். அந்த மதியத்தைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. செய்தது சரிதான், அதில் எனக்கு இம்மியும் சந்தேகம் இல்லை. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அந்த வீடு எரிந்திருக்கும். இருந்தும் பஸ்ஸில் எங்கோ பின் சீட்டில் யாராவது யாரிடமோ தண்ணீர் கேட்டால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. என் வீட்டுக்காரர் சாப்பாட்டின் நடுவில் தண்ணீர் என்று சொல்லி முடிப்பதற்குள் எழுந்து ஓடுகிறேன். "ஏன் இம்புட்டு அவசரம், தீயா புடிச்சுருச்சு?" என்று அவர் கேலி செய்வார்.

அன்று மதியம், வாழ்த்து முடிந்ததும், திரையில் அந்த மனிதர் தாளை மடித்தார். தொண்டையைச் செருமினார். ஒலிவாங்கி ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, அதுவரை வாசித்த அறிவிப்புக் குரலை விட்டுவிட்டு, வீட்டுக் குரலில், "இந்தா புள்ள, செத்த தண்ணி கொண்டா" என்றார்.

"வாரேன்" என்றார் அக்கா. சமையல் இடத்திலிருந்துதான் சொன்னார். பானையில் மொண்டு, அடியில் சொட்டும் நீரை முந்தானையில் துடைத்து, சில்வர் டம்ளரோடு வந்து டிவிக்கு முன்னால் நின்றார். தினமும் இப்படித்தான் கொண்டுவந்திருக்கிறார் என்பது அந்த நடையிலேயே தெரிந்தது. "இந்தாங்க" என்று நீட்டினார். திரையில் இருந்தவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய கை அப்படியே இருக்க, அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"அமத்திருங்கண்ணே" என்று கைபேசியில் சொன்னேன். சொன்னது நான்தான்.

படம் சுருங்கவில்லை, மங்கவில்லை. இருந்தது, இல்லை. திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொதித்தன, இரைச்சல் வீட்டை நிறைத்தது. அக்கா டம்ளரைப் பிடித்தபடி அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றார். அதற்குள்ளிருந்து ஏதாவது வருமா என்று காத்திருந்தாரோ என்னவோ, நானும் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் அழவில்லை. திரும்பி, கையிலிருந்ததைச் சற்று நேரம் பார்த்தார், அதை எங்கே வைப்பது என்று தெரியாதவரைப்போல. பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீ குடி தாயி. வெயில்ல அலைஞ்சு வந்துருக்க."

வாங்கினேன். டம்ளர் குளிர்ந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.